நாட்டின் மானத்தை வாங்கியவள்

மயிலாப்பூரில் பூ விற்கும் சுலோச்சனாவை நீங்கள் நேரில் பார்க்காவிட்டாலும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். 'இந்தியாவில் என்னை ஏமாற்றிய பூக்காரி' என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்டு ஒரு வெள்ளைக்காரப் பையன் வெளியிட்ட வீடியோவில், பச்சைப் புடவையும் வாய் நிறைய வெற்றிலையுமாகச் சிரிக்கிறாளே, அவள்தான். அவளுக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு கத்துகிற வழுக்கைத் தலை நான். என் மேல் அம்புக்குறி போட்டு 'கூட்டாளி' என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாட்டின் மானத்தை வாங்கியதை இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். என்னய்யா நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

என் பெயர் ஜவஹர். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே போகிற தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைப் படியை ஒட்டி ஒரு மின்கம்பம். அதன் அடியில் ஒரு சாக்கு விரிக்கிற அளவு இடம். அதுதான் சுலோச்சனாவின் கடை. கல்யாணமான புதிதில் அங்கே வந்து உட்கார்ந்தவள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் அம்மாசி குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுநாளே அதே இடத்தில் உட்கார்ந்து பூக் கட்டினாள். மகள் கயலைக் கூடைக்குப் பக்கத்தில் தூங்கவைத்தே வளர்த்தாள். கயல் இப்போது தி. நகரில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறாள்.

முன்பெல்லாம் அவளுக்குக் குடிசை அடையாற்றின் கரையில்தான். ஒரு பஸ்ஸில் வந்து போய்விடலாம். ஆற்றோரம் இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் விட்டபோது அவளோடு பிழைத்த பல பெண்கள் பட்டணத்து வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. விடியுமுன் பஸ் பிடித்துக் கோயம்பேடு போய் உதிரி மல்லி வாங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மயிலாப்பூர் வந்து சேருவாள். இவ்வளவு பாடு எதற்கு, வீட்டு வாசலிலேயே கடை போடேன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வூட்ட எங்க வேணா குடுக்கட்டும்ணா. எடத்த யாரு குடுப்பா? இந்தக் கம்பத்தாண்ட ஒக்காந்தாதான் நான் பூக்காரி. பெரும்பாக்கத்துல ஒக்காந்தா பிளாக்குல கீற ஒருத்தி, அவ்ளோதான்" என்றாள்.

அவள் உத்தமி என்று நான் சொல்ல வரவில்லை. முழம் போடும்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்கி ஒரு விரற்கடை மிச்சம் பிடிப்பாள். வாடின பூவை நடுவில் வைத்து மடிப்பாள். என் கடைப் படியில் வெற்றிலை துப்பிவிட்டு, அது மாடு போட்ட சாணி என்று என்னிடமே சாதிப்பாள். தினம் வாங்குகிற பங்கஜம் மாமியிடம் மட்டும் அந்த வித்தையெல்லாம் நடக்காது. "ஏண்டி, கையை நீட்டி அள. ஆத்துல ஸ்வாமிக்குச் சாத்தணும், இன்னும் ரெண்டு கண்ணி விட்டுக் குடு" என்று மாமி நின்று வாங்கிக்கொண்டுதான் நகர்வாள். ஆனால் ஆளுக்கொரு விலை சொல்கிற பழக்கம் சுலோச்சனாவுக்குக் கிடையாது. வெளிநாட்டுக்காரர்களை அவள் வாடிக்கை என்றே நினைத்ததில்லை. படம் எடுப்பார்கள், பல்லைக் காட்டுவார்கள், போய்விடுவார்கள்.

அவர்களை நம்பிப் பிழைக்கிறவன் வேறு ஆள். ஜெயராம் என்று பெயர். கழுத்தில் நாடா கட்டி ஒரு அட்டை தொங்கும். 'கைடு' என்று பெரிதாக எழுதி அவன் படத்தை ஒட்டியிருக்கும். யார் கொடுத்த அட்டை என்பது மட்டும் அதில் இருக்காது. கோபுரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, வந்து இறங்குகிற வெள்ளைத் தோலை அப்படியே கவ்வி, கோயிலைச் சுற்றிக் காட்டுவான். காட்டி முடித்ததும் ஆட்டோவில் ஏற்றிப் பட்டும் சிலையும் விற்கிற ஒரு பெரிய ஏசி கடைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவான். அந்தக் கடையில் பொருளுக்கு விலை கிடையாது, வருகிற ஆளுக்குத்தான் விலை. வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு ஜெயராமுக்கு, அவன் கையிலிருந்து கொஞ்சம் சில்லறை ஆட்டோக்காரனுக்கு. குளுகுளு அறையில் நாற்காலி போட்டு, இஞ்சி டீ கொடுத்து, கைகூப்பிக் கொள்ளையடிப்பார்கள். கொள்ளை கொடுத்தவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வருவான். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் நாட்டின் மானம் ஞாபகம் வந்ததில்லை.

அந்த வெள்ளைக்காரப் பையன் முதலில் வந்தது ஒரு புதன்கிழமை காலையில். ஜெயராம் இன்னும் வந்திருக்கவில்லை. தெருவே வெறிச்சென்று இருந்தது. சுலோச்சனா அப்போதுதான் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தாள். பையன் கேமராவைப் பிடித்தபடி வந்து மல்லிகையைக் காட்டி விலை கேட்டான். அவள் நான்கு விரலைக் காட்டி நாற்பது என்றாள். அவன் பையில் துழாவினான். ஒரு இருபது ரூபாய் நோட்டும், ஐந்நூறு ரூபாய்க் கட்டும் இருந்தன. காலங்காத்தாலே ஐந்நூறுக்குச் சில்லறைக்கு அவள் எங்கே போவாள்? அவன் இருபதை நீட்டிவிட்டுப் பரிதாபமாக நின்றான்.

வேறு நேரமாக இருந்தால் அரை முழத்தை வெட்டிக் கொடுத்திருப்பாள். ஆனால் அது போணி. முதல் வியாபாரம். போணிக்கு வந்த கையைத் திருப்பி அனுப்பினாலோ, பேரம் பேசினாலோ, அன்றைக்குக் கூடை காலியாகாது என்பது இந்தத் தெருவில் சட்டம். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் இருபது ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த நோட்டால் கூடையை ஒரு சுற்றுச் சுற்றி மடியில் செருகினாள். கையை நன்றாக நீட்டி ஒரு முழம் அளந்து, மேலே நான்கு கண்ணி கொசுறும் விட்டுக் கொடுத்தாள். பையனுக்கு வாயெல்லாம் பல். இருபது ரூபாய்க்கு இவ்வளவு பூவா, என்ன அருமையான மனிதர்கள் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனான்.

"நல்ல கைராசிண்ணா அந்தப் புள்ளைக்கு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் வித்துப்பூட்ச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் அவன் ஜெயராமிடம் மாட்டினான். ஏசி கடையில் டீ குடித்தான். அம்மாவுக்கென்று பதினெட்டாயிரத்துக்கு ஒரு பட்டுச் சால்வை வாங்கினான். அன்று இரவு அவன் தங்கியிருந்த விடுதியில் யாரோ சால்வையைத் தொட்டுப் பார்த்து, இது பட்டே இல்லையே, ஆயிரம் ரூபாய்கூடப் பெறாதே என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெள்ளிக்கிழமை காலை அவன் ஜெயராமின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டது என் கடை வாசலில்தான்.

ஜெயராமுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் பேசுகிறேன் சார், கடைக்காரர் தெரியாமல் மாற்றிக் கொடுத்திருப்பார் சார் என்று குழைந்தான். பையன் முகத்தைத் திருப்பினான். திருப்பிய இடத்தில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்த ஊரில் தன்னை ஏமாற்றாத ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்திருக்க வேண்டும். நேராக அவளிடம் வந்து, சிரித்துக்கொண்டே இருபது ரூபாயை நீட்டினான்.

அன்றைக்கு முகூர்த்த நாள். ஊர் முழுக்கக் கல்யாணம். கோயம்பேட்டில் மல்லிகை விலை தலைக்கு மேலே ஏறியிருந்தது. வழக்கமாக வாங்குகிறதில் பாதிகூட வாங்க முடியாமல், அந்தக் கொஞ்சம் பூவோடுதான் சுலோச்சனா வந்திருந்தாள். முழம் நூற்றிருபது. பங்கஜம் மாமியே சண்டை போட்டு ஓய்ந்து அரை முழத்தோடு போயிருந்தாள்.

"வா நைனா! இன்னிக்கு நூத்தி இருவது" என்றாள் சுலோச்சனா. விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள்.

"டுவென்டி! வெட்னஸ்டே டுவென்டி!" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை கேட்பதுபோல இருந்திருக்கும் அவளுக்கு. "ஐய, அன்னிக்கு போணிக்கு குட்த்தேன்பா. இன்னிக்கு முகூர்த்தம். கோயம்பேட்டுல கிலோ இன்னா வெல விக்கிது தெர்யுமா? நானே நஷ்டத்துல கீறேன்." பிறகு ஜெயராமைப் பார்த்து, "ஏ ஜெயராமு, நீதான் இங்கிலீசு பேசுவியே, அவனாண்ட சொல்லேன்" என்றாள்.

ஜெயராம் இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா இதே தெருவில் வளையல் விற்றவர். போணி என்றால் என்ன, முகூர்த்தத்தன்று பூ என்ன விலை என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு நிமிடம் யோசித்தான். அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்ச் சால்வை ஞாபகம் வந்திருக்கும். "ஷீ சேஸ், யூ ஃபாரினர், சோ ஃபாரினர் பிரைஸ்" என்றான். கூடவே, "வெரி சாரி சார். திஸ் பீப்பிள் ஸ்பாயிலிங் இந்தியா நேம்" என்று தலையையும் குனிந்துகொண்டான்.

கேமரா மேலே எழுந்தது. சால்வைக் கடையில் எழாத கேமரா. அந்தப் பையனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் யாரும் கேமராவைத் தூக்கமாட்டார்கள், நாமும் தூக்கமாட்டோம். தரையில் உட்கார்ந்திருக்கிறவள் முகத்துக்கு நேரே தூக்குவது சுலபம்.

நான் ஜெராக்ஸ் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அன்றைக்கென்று எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. "ஃபர்ஸ்ட் சேல், சீப்! டுடே மேரேஜ்!" என்று கத்தினேன்.

"ஹூஸ் மேரேஜ்?" என்று கேட்டான் அவன்.

"எவ்ரிபடி மேரேஜ்!" என்றேன்.

இன்றைக்கும் காலேஜ் பையன்கள் என் கடைக்கு வந்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு, போகிறபோது "எவ்ரிபடி மேரேஜ் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சுலோச்சனாவுக்கு அவன் என்ன பேசுகிறான் என்று புரியவில்லை. ஆனால் கோபமாக இருக்கிறான் என்று புரிந்தது. கைராசிக்காரப் பையன், கோபித்துக்கொண்டு போகிறானே என்று அவளுக்குச் சங்கடம். கால் முழத்துக்குப் பூவைக் கத்தரித்து, "காசு வாணாம், வச்சுக்கோ போ" என்று அவன் கையில் திணித்தாள். வீடியோவில் அந்த இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? 'மாட்டிக்கொண்டதும் விலை பூஜ்யம்.' நஷ்டத்திலிருந்து கிள்ளிக் கொடுத்த பூவையே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக ஆக்கிவிட்டான். புதன்கிழமை படத்தையும் வெள்ளிக்கிழமை படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டான். இருபது, நூற்றிருபது. அதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

வீடியோ வந்த இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் துணிக்கடைப் பெண்கள் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். கயல் எட்டிப் பார்த்திருக்கிறாள். சாப்பிடாமல் எழுந்து பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்துவிட்டாள். என் கடைக்குள் அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். சுலோச்சனா முழுவதும் பார்த்தாள்.

"கீழ இன்னாடி எழுதிக்கீறாங்க?" என்று கேட்டாள்.

கயல் படிக்கமாட்டேன் என்றாள். பிறகு நான்தான் படித்தேன், பாதியை விழுங்கிவிட்டு. வெள்ளைக்காரர்கள் எழுதியது கொஞ்சம்தான். மீதி எல்லாம் நம்மவர்கள். மன்னிக்க வேண்டும் சார், எல்லா இந்தியர்களும் இப்படி இல்லை சார் என்று கெஞ்சியிருந்தார்கள். இந்தப் பிச்சைக்காரக் கூட்டத்தைத் தெருவிலிருந்து ஒழித்தால்தான் நாடு உருப்படும் என்று எழுதியிருந்தார்கள். சென்னையில் வீடு வாடகைக்குத் தேடிப் பார்த்தவர்கள், மழை நாளில் ஆட்டோ பிடித்துப் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்கள்தான் இதையெல்லாம் எழுதியிருப்பார்கள். நாம் ஒருவரை ஒருவர் தினம் உரித்துக்கொள்வதில் நாட்டுக்கு ஒரு குறைச்சலும் வருவதில்லை. வெள்ளைக்காரன் நூறு ரூபாய் அதிகம் கொடுக்கவேண்டி வந்தால் மட்டும், அதையும் அவன் கொடுக்கவில்லை, உடனே மானம் போய்விடுகிறது.

போணி என்றால் என்ன என்று நானும் கீழே இங்கிலீஷில் எழுதினேன். அகராதி வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். 'கூட்டாளி வந்துவிட்டான்' என்று ஒருவன் பதில் போட்டான். அதற்கு நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

பங்கஜம் மாமியும் அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவை அனுப்பிவைத்திருந்தாள், 'வெட்கக்கேடு' என்று ஒரு வார்த்தையும் சேர்த்து. நான் போய்க் கேட்டேன்.

"ஐயையோ, நம்ம சுலோச்சனாவா அது? கண்ணாடி போட்டுக்காம பார்த்துண்டிருந்தேன்டா ஜவஹர்" என்றாள் மாமி. அதை அழித்துவிட்டு உண்மையை எழுதுங்கள் என்றேன். "இனிமே எழுதினா என்னைன்னா நாலு கேள்வி கேப்பா" என்று உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷம் நின்று நின்று கொசுறு வாங்கின கை, இரண்டு வரி தட்டமாட்டேன் என்றது.

ஜெயராம்தான் இதில் கொழித்தான். ஒரு சேனல்காரன் மைக்கை நீட்ட, கழுத்து அட்டை தெரியும்படி நிமிர்ந்து நின்று, "எங்கள மாதிரி கைடுங்களுக்கு தலைகுனிவா இருக்கு சார்" என்றான். ஏசி கடைக்காரர்கள் அந்தப் பையனைக் கூப்பிட்டு இன்னொரு சால்வையை இலவசமாகக் கொடுத்தார்கள். அதுவும் பட்டு இல்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். அவன் அடுத்த வீடியோவில், தவற்றைத் திருத்திக்கொண்ட நேர்மையான கடை என்று அவர்கள் முகவரியைக் கீழே போட்டான்.

அடுத்த வாரம் மாநகராட்சி ஜீப் ஒன்றும், பின்னாலேயே ஒரு குப்பை லாரியும் வந்தன. இறங்கின அதிகாரிக்கு அவளை நன்றாக அடையாளம் தெரிந்தது. யாருக்குத்தான் தெரியாது?

"ஏம்மா, ஒரு முழம் பூவுக்கு இப்படி நாட்டோட பேரையே கெடுத்துட்டியே. எந்திரி" என்றார்.

"சார், நான் ஏமாத்தல சார். போணிக்கு கம்மியா குட்த்தேன், அது தப்பா? இதோ நிக்கிறானே ஜெயராமு, அவன கேளுங்க. அவனுக்கு எல்லாம் தெர்யும்" என்றாள்.

எல்லோரும் ஜெயராமைப் பார்த்தார்கள். அவன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "எனக்கு எதுக்குக்கா வம்பு" என்றான்.

சுலோச்சனா மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எடத்த மட்டும் எடுக்காதீங்க சார். ஃபைன் போடுங்க, கட்றேன். வெள்ளக்காரனுக்கு பூவே விக்கல, காலத்துக்கும் விக்கல. எடத்த எடுத்துட்டா நான் எங்க சார் போவேன்?" என்று கத்தினாள். கூடையை எடுத்து லாரியில் கவிழ்த்தார்கள். சாக்கையும் எடுத்தார்கள். நான் அதிகாரியிடம் எகிறினேன். அவர் என் கடைப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் சுலோச்சனாவே கம்பத்தை விட்டுவிட்டு வந்து என்னை உள்ளே தள்ளினாள். "நீ போணா. உன் கடையும் போய்டப் போவுது" என்றாள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பங்கஜம் மாமி நின்று, "பாவம், விட்டுடுங்கோளேன்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு நடந்தாள். லாரி மேல் கவிழ்ந்து கிடந்த பூவையும் ஜெயராம் படம் எடுத்துப் பையனுக்கு அனுப்பினான். 'இந்தியா காது கொடுத்துக் கேட்டது' என்று பையன் கைகூப்புகிற பொம்மையோடு அதை வெளியே போட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மெஷினை எடுத்துத் தெருவில் போட்டு உடைத்திருப்பேன். இன்னும் தவணை பாக்கி.

இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் எஃகுத் தகட்டில் ஒரு அழகான பெட்டிக் கடை வந்தது. ஒப்பந்தத்துக்கு யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒரே விலை என்று இங்கிலீஷில் பலகை. ஒரு முழம் அளவுக்கு இருநூறு ரூபாய், வருஷம் முழுவதும், முகூர்த்தமானாலும் மூதேவியானாலும். வாழை இலைத் துண்டில் சுற்றிக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். ஜெயராம் இப்போது பட்டுக் கடைக்குப் போகிற வழியில் முதலில் அங்கேதான் ஆளை நிறுத்துகிறான். நேற்று ஒரு வெளிநாட்டுத் தம்பதி வாங்கினார்கள். அந்த அம்மாள் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, எவ்வளவு மலிவு, எவ்வளவு நேர்மையான மனிதர்கள் என்று வீடியோ எடுத்தாள். நாட்டின் மானம் திரும்பி வந்துவிட்டது.

சுலோச்சனாவுக்குப் போன் போட்டேன். அவள் மயிலாப்பூர்ப் பக்கம் வந்தே பல நாளாகியிருந்தது. பெரும்பாக்கத்தில் வீட்டிலேயே கூலிக்குப் பூக் கட்டுகிறாள் என்று கயல் சொல்லியிருந்தாள். காலையில் ஒரு வேன் வந்து உதிரிப்பூவை இறக்கிவிட்டுப் போகும், கட்டினதும் எடுத்துக்கொண்டு போகும், முழத்துக்கு ஐந்து ரூபாய்.

கடையைப் பற்றிச் சொன்னேன். இருநூறு ரூபாய் என்றேன்.

"தெர்யும்ணா. அந்த பூவ கட்றதே நாந்தான்" என்றாள்.

நான் படியில் இறங்கி அந்தப் பெட்டிக் கடையைப் பார்த்தேன்.

"எரநூறுக்கு விக்கிறாங்களே, வெள்ளக்காரன் யாரும் படம் புடிக்கலியா?" என்று கேட்டாள்.

"புடிக்கிறாங்க. சிரிச்சிக்கிட்டே புடிக்கிறாங்க."

"கம்பத்தாண்ட நெழலு வருமேண்ணா பத்து மணிக்கு, அந்த எடத்துலயா வச்சிக்கீறாங்க?" என்றாள்.

"அதே எடந்தான்" என்றேன்.

"சரிண்ணா, வேன் வந்துட்ச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.